காலிஃபிளவருக்கு ஒரு பச்சை ஸ்டிக்கர்

தோசைத் திருப்பியை அடியில் விட்டுத் தூக்கியதும் பீட்சா உடைந்தது. காலையிலிருந்து இது மூன்றாவது. முதலாவது இரண்டாக உடைந்தது. இரண்டாவது ஏழெட்டாக. இதை எண்ண முடியவில்லை.

ஜோதிமணி கணவரின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "உப்புமா நல்லா உதிரி உதிரியா வந்திருக்குங்க."

"உப்புமா இல்ல. பீட்சா. அடிப்பாகம் மட்டும்."

"மேல்பாகம்?"

"அடி நின்னாத்தான மேல?"

பாஸ்கரன் கல்லின்மேல் குனிந்து, துண்டுகளைத் திருப்பியால் நெருக்கி வட்டமாக்கப் பார்த்தார். அவை சேர்வதுபோல் சேர்ந்து விலகின. பக்கத்து பர்னரில் ஓர் அலுமினியக் குண்டான் மூடி போட்டு உட்கார்ந்திருந்தது. உள்ளே கேழ்வரகுக் களி. கோட்டைக்கு வெளியே கூடாரமடித்த படைத்தளபதியைப் போல அது அவசரமே இல்லாமல் காத்திருந்தது. உள்ளே தானியம் தீர்ந்தால் கதவு தானாகத் திறக்கும் என்று அதற்குத் தெரியும்.

"மணி ஒன்றரை," என்றாள் ஜோதிமணி. "உருண்டை பிடிக்கட்டுமா?"

எல்லாம் ஒரு மாதத்துக்கு முன், கம்பெனியின் வருடாந்திர மருத்துவப் பரிசோதனையில் தொடங்கியது. பாஸ்கரன் ஓசூர் சிப்காட்டில் கியர் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் கடைசிப் பரிசோதகர். பதினேழு வருட சர்வீஸ். சீருடையின் இடது பையில் பச்சை ஸ்டிக்கர்கள், வலது பையில் சிவப்புச் சீட்டுகள். அவர் பச்சை ஒட்டினால் கியர் லாரி ஏறும். சிவப்பு கட்டினால் ஓரமாகப் போய் உட்காரும். பச்சை ஒட்டிப் போன கியர் ஒன்றுகூட இதுவரை திரும்பி வந்ததில்லை. அப்படிப்பட்டவரின் ரத்தத்தைச் சோதித்த கம்பெனி டாக்டர், அதற்குச் சிவப்புச் சீட்டு கட்டிவிட்டார்.

"சக்கரை இருக்கு. சோறு, பரோட்டா, மைதா எல்லாத்தையும் நிறுத்துங்க. இந்த ஊர்க்காரங்க மாதிரி களி சாப்பிடுங்க."

பாஸ்கரன் இந்த ஊர்க்காரர் இல்லை. சாத்தூர்ப் பக்கம். அங்கே களி என்றால் ஜெயிலில் போடுவது. ஒரு குற்றமும் செய்யாமல் நாற்பத்து நான்கு வயதில் களி தின்னப் போவதை அவர் ஊருக்குப் போன் செய்து சொல்லக்கூட இல்லை.

கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்காரம்மா பாப்பம்மா மாடியேறி வந்து ஜோதிமணிக்குக் களி கிண்டக் கற்றுக்கொடுத்தார். பாஸ்கரனுக்கு அதைச் சாப்பிடும் முறையைக் கற்றுக்கொடுத்தார்.

"பல்லு படக்கூடாதுப்பா. களிய மெல்றவன் இந்த ஜில்லாவுலயே கெடையாது. கிள்ளு, உருட்டு, கொழம்புல முக்கு, முழுங்கு. சாலு, அவ்ளோதான்."

பாஸ்கரன் எந்த வேலையையும் முறைப்படி செய்பவர். மூன்று வாரம், மூன்று வேளை, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு பல்கூடப் படாமல் விழுங்கினார். பக்கத்தில் மனைவியும் மகளும் சோற்றில் ரசம் ஊற்றிப் பிசைந்தார்கள். நான்காவது வாரம் அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"ஒரு ஒப்பந்தம். அரிசி, கோதுமை, மைதா எதுவும் இல்லாம, ருசியா ஒரு சாப்பாடு. நானே செய்றேன். நாம மூணு பேரும் மிச்சம் வைக்காம சாப்பிட்டோம்னா, இந்த வீட்டுல களி கிடையாது."

"செய்ய முடியலைன்னா?" என்றாள் ஜோதிமணி.

"ஆயுசுக்கும் களி. வாயைத் திறக்க மாட்டேன்."

"வாயைத் திறக்காம எப்படிப்பா முழுங்குவ?" என்றாள் ஸ்வாதி. ஒன்பதாம் வகுப்பு.

ஜோதிமணி இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவகாசம் தந்து, இரண்டையும் காலண்டரில் வட்டமிட்டாள். இன்று முதல் வட்டம்.

பீட்சா என்பது பாஸ்கரனின் யோசனை. ஸ்வாதியின் பிறந்தநாளுக்குப் பெங்களூர் போனபோது சாப்பிட்ட ஒரே ஒரு துண்டு, ஒரு வருடமாக அவர் ஞாபகத்தில் ஆறாமல் இருந்தது. பாகலூர் ரோட்டில் உள்ள பிரவுசிங் சென்டரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, மைதா இல்லாத பீட்சாவைத் தேடிக் கண்டுபிடித்துத் தாளில் எடுத்து வந்தார். எங்கோ அமெரிக்காவில், ஜன்னலை மூடினாலும் பனி தெரியும் ஊரில், ஒரு பெண்மணி எழுதியது. காலிஃபிளவரைத் துருவி, வேகவைத்து, முட்டையும் சீஸும் சேர்த்துத் தட்டிச் சுட்டால் மாவுச்சத்து குறைந்த பீட்சா அடி தயார். படத்தில் அது நல்ல பழுப்பு நிறத்தில், வட்டமாக, முழுசாக இருந்தது. முழுசாக இருந்ததைத்தான் பாஸ்கரன் அடிக்கடி எடுத்துப் பார்த்துக்கொண்டார்.

இப்போது அந்தத் தாளைக் கல்லுக்குப் பக்கத்தில் விரித்து வைத்து, அடுப்படிக்குள்ளேயே மூன்று எட்டு முன்னும் மூன்று எட்டு பின்னுமாக நடந்தார். தொழிற்சாலையில் ஜப்பான்காரர்கள் கற்றுக்கொடுத்த முறை ஒன்று உண்டு. ஐந்து முறை 'ஏன்' கேட்டால் எந்தக் கோளாறும் மாட்டிக்கொள்ளும்.

"ஏன் உடைஞ்சது? ஒட்டல. ஏன் ஒட்டல? ஈரம். ஏன் ஈரம்? பிழியல. ஏன் பிழியல? துணி இல்ல. ஏன் துணி இல்ல?"

ஐந்தாவது ஏனுக்குப் பதிலாக பீரோவைத் திறந்தார்.

"என்னங்க, அது எங்கப்பா எடுத்துக் குடுத்த வேட்டி!"

"எட்டு முழம். நல்ல நெசவு. தண்ணி மட்டும் வெளிய வரும்."

மிச்சமிருந்த இரண்டு காலிஃபிளவரையும் துருவி வேகவைத்து வேட்டியின் நடுவில் கொட்டி, ஒரு முனையை ஸ்வாதியிடம் கொடுத்துவிட்டு, மறுமுனையைப் பாஸ்கரன் பிடித்தார். மின்வெட்டு நேரம். கூடத்தில் புழுக்கம். அப்பா வலப்பக்கம் முறுக்க, மகள் இடப்பக்கம் முறுக்கினாள். வேட்டி கப்பல் கயிறு போல இறுகியது. வாளியில் தண்ணீர் ஒழுகியது.

"பாத்தியா! இவ்ளோ தண்ணி! இது உள்ள இருந்தா எப்படி ஒட்டும்?"

"போதும்ப்பா. கை வலிக்குது."

"இன்னும் ரெண்டு முறுக்கு. கடைசிச் சொட்டு வரணும்."

முதல் முறுக்கில் கடைசிச் சொட்டு வந்தது. இரண்டாவது முறுக்கில் வேட்டி கிழிந்தது. ஸ்வாதி சோபாவில் விழுந்தாள். பாஸ்கரன் வாளியில் உட்கார்ந்தார். காலிஃபிளவர் மேலே போனது. போனதில் பெரும்பகுதி திரும்பி வரவில்லை. மின்விசிறியின் மூன்று இறக்கைகளிலும் சமமாகத் தங்கிக்கொண்டது. மூவரும் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது கரண்ட் வந்தது.

ஓசூரில் அன்று மதியம் இரண்டு மணிக்குப் பனி பெய்தது. ஸ்வாதி அதுவரை பனியைப் புத்தகத்தில்தான் படித்திருந்தாள். அது இப்படி டிவி மேலும், தலையணை மேலும், அப்பாவின் மீசை மேலும் சத்தமில்லாமல் இறங்கும் என்று நினைத்துப் பார்த்ததில்லை. அவள் சிறிது நேரம் கையை நீட்டிக்கொண்டே நின்றாள்.

சத்தம் கேட்டு பாப்பம்மா ஏறி வந்தார்.

"அய்யோ ராமா! போன மாசந்தான் செவுத்துக்கு வெள்ள அடிச்சன்!"

"அதாங்கா, செவுத்துல ஒண்ணும் தெரியல," என்றார் வாளிக்குள்ளிருந்து பாஸ்கரன்.

பாப்பம்மா தரையிலிருந்து ஒரு துணுக்கை எடுத்துப் பார்த்தார். "இது நான் குடுத்த பூக்கோசா? எங்க நெலத்துதா? சானமாவு காட்டுல இருந்து யானை எறங்குனாகூட இப்டி அதம் பண்ணாதுப்பா!"

அன்று மதியம் பாஸ்கரன் தலையில் காலிஃபிளவரோடு உட்கார்ந்து இரண்டு உருண்டை களி விழுங்கினார்.

திங்கட்கிழமையிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தும் நின்றுகொண்டே போனார். கியரை அளக்கும்போது நடுவில் நிறுத்திவிட்டுத் தாளை எடுத்துப் படித்தார். பிழிந்தாயிற்று. இனியும் உடைந்தால் வேறு காரணம் இருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை அது கண்ணில் பட்டது. தாளின் கீழே, எழுத்து மங்கிய இடத்தில்: நானூற்றைம்பது டிகிரி, இருபது நிமிடம்.

தோசைக்கல்லுக்கு ஏது நானூற்றைம்பது?

நேராக ஜெகதீஷிடம் போனார். கியர்களைச் சூடாக்கிப் பதப்படுத்தும் உலை ஜெகதீஷின் பொறுப்பில் இருந்தது.

"அண்ணே, நானூத்தம்பதா? அந்தச் சூட்டுல நான் இரும்பப் பதமாக்குறேன்."

"அதான் சொல்றேன். அப்பத்தான் உடையாது."

"காலிஃபிளவர்ண்ணே அது."

"அமெரிக்காக்காரங்க அளக்காம எழுதுவாங்களா? அவங்க உடம்பைப் பாத்திருக்கியா? எல்லாம் இப்படிச் சாப்பிட்டதுதான்."

ஜெகதீஷ் உலையைப் பார்த்தான், பாஸ்கரனைப் பார்த்தான். "வொர்க் ஆர்டர் கேட்டா என்ன சொல்றது?"

"ட்ரையல் பீஸ்னு சொல்லு."

புதன்கிழமை சாப்பாட்டு இடைவேளையில், டிபன் கேரியரில் வந்த காலிஃபிளவர் ஓர் எவர்சில்வர் தட்டில் வட்டமாகத் தட்டப்பட்டு, ஆறு கியர்களுக்குப் பக்கத்தில் உலைக்குள் போனது. பத்தாவது நிமிடம் ஜெகதீஷ் மூக்கைச் சுளித்தான். பன்னிரண்டாவது நிமிடம் கதவிடுக்கில் புகை வந்தது. பதினைந்தாவது நிமிடம் அந்த நாற்றம் கேன்டீன் வரை போய்விட்டது. ஏதோ வாயு கசிகிறது என்று பாதுகாப்பு அதிகாரி சங்கை ஊதினார். முன்னூறு பேர், பாதிச் சாப்பாட்டில் எழுந்த கையோடு, கொடிக்கம்பத்தின் கீழே வரிசையாக நின்றார்கள்.

உலையைத் திறந்தபோது தட்டில் கறுப்பாக ஒரு வட்டம் இருந்தது. பாஸ்கரன் ஆசையோடு விரலால் தொட்டார். அது பொடியாகி எழுந்து போய் ஆறு கியர்களின் மேலும் உட்கார்ந்தது.

மூன்று மணிக்கு அந்த ஆறு கியர்களும் அவர் மேசைக்கே வந்தன. பல்லிடுக்குகளில் கரி. துடைத்தால் முக்கால்வாசி போய்விடும். இடது பையில் பச்சை, வலது பையில் சிவப்பு. மேசைக்கு முன்னால் இரண்டு முறை நடந்தார். பிறகு ஆறுக்கும் சிவப்பு கட்டினார். சீட்டில் 'காரணம்' என்ற கட்டம் இருந்தது. அளவுக் குறைவு, கீறல், வெடிப்பு என்று பதினேழு வருடமாக எழுதிய கை, இன்று எழுதியது: காய்கறி.

மேனேஜர் கூப்பிட்டார்.

"பாஸ்கரன், இது என்ன, காய்கறி?"

"காலிஃபிளவர் சார்."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏதாவது எண்ணெய்க் கறைன்னு எழுதியிருக்கலாமேப்பா. நான் கையெழுத்துப் போட்டு விட்டிருப்பேனே."

"தப்பான பீஸுக்கு நல்ல சீட்டு எழுதிப் பழக்கமில்ல சார்."

எச்சரிக்கைக் கடிதத்தை டைப் செய்தவர், காய்கறி என்பதற்கு ஆங்கிலத்தில் எழுத்து சரிதானா என்று இரண்டு பேரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டார். சாயங்கால பஸ்ஸில் கடைசி இருக்கையிலிருந்து ஒரு குரல், தள்ளுவண்டிக்காரர் போலவே, "கோபி மஞ்சூரி ரெண்டு ப்ளேட்டே!" என்றது. பஸ் முழுவதும் சிரித்தது. ஓட்டுநர்கூட.

வீட்டில் ஸ்வாதி அந்தத் தாளை விளக்குக்கு அருகில் பிடித்துப் பார்த்தாள்.

"அப்பா, நானூத்தம்பது பக்கத்துல சின்னதா ஒரு எஃப் இருக்கு பாரு. ஃபாரன்ஹீட். அவங்க ஊர்ல அப்படித்தான் அளப்பாங்க. முப்பத்திரண்டக் கழிச்சு, அஞ்சால பெருக்கி, ஒன்பதால வகு. இருநூத்தி முப்பத்திரண்டு டிகிரி. அவ்ளோதான்."

பாஸ்கரன் பேனாவை எடுத்தார். "பாயிண்ட் எவ்வளவு?"

"பாயிண்ட் ரெண்டு."

எழுதிக்கொண்டார்.

இரண்டாவது வட்டம் வந்தது. ஞாயிறு காலை அவர் காலிஃபிளவரைத் துருவி, வேகவைத்து, கிழிந்த வேட்டியில் கிழியாத பகுதியில் வைத்து அளவாகப் பிழிந்து, முட்டையும் சீஸும் சேர்த்துப் பிசைந்து, தூக்குப் பாத்திரத்தில் அடைத்தார். மேலே போட வேண்டிய தக்காளிச் சாறு, வெங்காயம், குடைமிளகாய், மிச்ச சீஸ் எல்லாம் தனி டப்பாவில். கிளம்பும்போது ஜோதிமணி குண்டானில் உலை வைத்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு அது?"

"சும்மா. ஒரு கைகாவலுக்கு."

தெருமுனை பேக்கரி ஆஞ்சப்பனுடையது. கெலமங்கலம் ரோட்டில் உள்ள ஒரு கிராமத்திலிருந்து தினமும் விடியுமுன் வந்து, செங்கல் அடுப்பை மூட்டி, பன்னும் தேங்காய் பிஸ்கட்டும் போடுபவர். பாஸ்கரன் தூக்கைத் திறந்து காட்டினார்.

"மாவு எங்க சார்?" என்றார் ஆஞ்சப்பன்.

"இதுதாண்ணே."

"இது பொரியல் சார்."

"மாவே இல்லாத பீட்சா இது. முதல்ல இந்த அடியச் சுடணும். அப்புறம் டப்பாவுல உள்ளத மேல போட்டு மறுபடி சுடணும்."

ஆஞ்சப்பன் ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். "ஒட்டுறதுக்கு எதனா ஒண்ணு வேணுமே சார். ஒரே ஒரு கை மைதா…"

"மைதாவா!" பாஸ்கரன் போட்ட சத்தத்தில் பன் வாங்க வந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள். "எனக்குச் சக்கரைண்ணே. மைதா பட்டா நான் செத்தேன்னு வச்சுக்கோங்க. உங்க கடையிலயே பிணம்."

ஆஞ்சப்பன் மிரண்டுவிட்டார். மைதா ஒட்டியிருந்த கையைத் துண்டில் துடைத்துத் துடைத்து, நரசிம்ம சாமி படத்தைப் பார்த்தார். "படாது சார். சத்தியமாப் படாது."

"சூடு இருநூத்தி முப்பத்திரண்டு பாயிண்ட் ரெண்டு."

"இங்க அந்த மெஷினெல்லாம் இல்லீங்க. கைய உள்ள நீட்டி எண்ணுவன். பத்துக்குள்ள சுட்டா பன்னு. பதினஞ்சுன்னா கேக்கு. உங்களுது எத்தினி?"

பாஸ்கரன் தாளைப் பார்த்தார். அதில் அந்தக் கணக்கு இல்லை.

அடி உள்ளே போனது. அடுப்புக்கு முன்னால் பாஸ்கரன் நடந்தார். ஒரு நிமிடத்தில் கதவைத் திறந்து பார்த்தார். மூன்று நிமிடத்தில் திறந்து பார்த்தார். நான்காவது நிமிடம் அவர் கை கதவை நோக்கிப் போனபோது ஆஞ்சப்பன் குறுக்கே வந்து நின்றார்.

"சார், நீங்க தொறந்து தொறந்து பாத்தா சூடு எங்க சார் நிக்கும்? வூட்டுக்குப் போங்க. நானே கொண்டாறன்."

"ஒரு மணிக்குள்ள வந்திரணும். ஒரு மணிண்ணே. என் வாழ்க்கையே இதுல இருக்கு."

"கொண்டாறன் சார். போங்க."

வீட்டில் பாஸ்கரன் உட்காரவில்லை. மாடிப்படியில் இறங்கினார், ஏறினார். பன்னிரண்டே முக்காலுக்குக் களி கிண்டும் துடுப்பின் சத்தம் கேட்கத் தொடங்கியது. அது குண்டானில் தட்டத் தட்ட அவருக்கு எங்கோ தூக்குமேடை கட்டுகிற சத்தம் போல இருந்தது. ஒரு மணி. ஒன்று ஐந்து. ஒன்று பத்து.

"உருண்டை பிடிக்கட்டுமா?" என்றாள் ஜோதிமணி.

"பொறு!"

"ஆறினா இறுகிப் போயிரும். அப்புறம் முழுங்க முடியலைன்னு சொல்லுவீங்க."

"அஞ்சே நிமிஷம் ஜோதி!"

அவள் சொம்புத் தண்ணீரில் கையை நனைத்தாள். அந்த நேரம் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஆஞ்சப்பன் வந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. கையில் செய்தித்தாள் மூடிய பேக்கரி ட்ரே.

"சார், ஒரு விசயம்…"

"வைங்க, வைங்க, மேசைமேல வைங்க!"

"இல்ல சார், அது அடுப்புல…"

"ஆறிரும்ண்ணே! எல்லாம் அப்புறம் பேசலாம்."

"சரி, அந்த ட்ரேய மட்டும் குடுத்துட்டீங்கன்னா…"

"சாப்பிட்டுத் தர்றேன். நில்லுங்க."

ஆஞ்சப்பன் வாசலோரம் ஒதுங்கி நின்றார்.

பாஸ்கரன் செய்தித்தாளை விலக்கினார். அது வட்டமாக இருந்தது. முழுசாக இருந்தது. சீஸ் உருகி ஓரம் வரை வழிந்திருந்தது. ஓரம் நல்ல பழுப்பு.

"கொஞ்சம் அதிகமாவே பிரவுனா இருக்கேப்பா," என்றாள் ஸ்வாதி.

"விறகு அடுப்பு. அப்படித்தான் இருக்கும். படத்தப் பாரு, அதுவும் பிரவுன்தான்."

அவர் இரும்பு ஸ்கேலை எடுத்து விட்டத்தை இரண்டு பக்கமும் அளந்தார். கத்தியால் எட்டாக வெட்டினார். ஒரு துண்டைப் பின்பக்கம் பிடித்து, கண்ணுக்கு நேராகத் தூக்கினார். முன்முனை தொங்கவில்லை. உதிரவில்லை. ஒரு துணுக்குக்கூட விழவில்லை.

"நிக்குது," என்றார். "ஜோதி, அடி நிக்குது."

கடித்தார். மென்றார். ஒரு மாதத்துக்குப் பிறகு பற்களுக்கு வேலை வந்திருந்தது. ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் மெத்தென்று, மழை விழுந்த நிலம் போல அடியில் ஒரு மணம். இதுதான் காலிஃபிளவரின் உண்மையான ருசி போலும். இத்தனை நாள் எல்லாரும் அதை மஞ்சூரியன் செய்து கெடுத்துவைத்திருக்கிறார்கள்.

"மெல்லு ஸ்வாதி, நல்லா மெல்லு. மெல்ல மெல்ல ஒரு இனிப்பு வருது பாரு. இதுக்குப் பேரு சாப்பாடு. அந்தச் சமாச்சாரத்தை வாய்ல வச்சா பல்லே வெட்கப்பட்டு ஒதுங்கிக்குது."

"சூப்பர்ப்பா!" ஸ்வாதி இரண்டாவது துண்டை எடுத்தாள்.

ஜோதிமணி பாதித் துண்டைப் பிட்டு வாயில் போட்டாள். நிதானமாக மென்றாள். மீதிப் பாதியையும் போட்டுக்கொண்டாள்.

"நல்லாத்தாங்க இருக்கு."

"சத்தமாச் சொல்லு."

"நல்லா இருக்கு. ஒத்துக்கிறேன். ஆனா இன்னைக்கு ஆசையா சாப்பிடுவீங்க. நாலு நாள் போனா இதுலயும் குத்தம் கண்டுபிடிச்சுட்டு பரோட்டாக் கடையில போய் நிப்பீங்க. எனக்குத் தெரியாதா?"

"நானா? இதுலயா?" பாஸ்கரன் எழுந்து நின்றார். "மூணு வேளையும் இதையே சாப்பிடுறேன். பொங்கலுக்கும் இதுதான். தீபாவளிக்கும் இதுதான்."

"வாயால சொல்றதெல்லாம் வேணாம்."

"எழுதியே தர்றேன்!"

ஸ்வாதியின் நோட்டிலிருந்து ஒரு தாள் கிழிக்கப்பட்டது. பாஸ்கரன் எழுதினார்: 'இன்று என்னால் பரிசோதித்து ஏற்கப்பட்ட இந்தப் பண்டத்தின் அடி எதனால் செய்யப்பட்டதோ, அதையே இனி ஆயுள் முழுவதும் மூன்று வேளையும் மறுப்பின்றி உண்பேன். இதில் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை.' தேதி போட்டு, கையெழுத்துப் போட்டார். ஜோதிமணி அதை இரண்டு முறை படித்துவிட்டு மடித்து அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் வைத்தாள்.

அதோடும் அவருக்கு அடங்கவில்லை. தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. குறையே இல்லாத முதல் துண்டுக்குப் பரிசோதகர் பச்சை ஒட்டிக் கண்ணாடி அலமாரியில் வைப்பார். அதன் பெயர் மாஸ்டர் சாம்பிள். அதற்குப் பிறகு வருவதெல்லாம் அதோடு ஒத்துப்போக வேண்டும். அதைக் கேள்வி கேட்க மேனேஜருக்குக்கூட அதிகாரம் கிடையாது. பாஸ்கரன் கடைசித் துண்டை ஒரு சிறு தட்டில் வைத்து, கொடியில் தொங்கிய சீருடையின் இடது பைக்குள் கைவிட்டார். தட்டின் விளிம்பில் பச்சை ஸ்டிக்கரை ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து, மேலே கையெழுத்திட்டு, ஃப்ரிட்ஜில் முட்டைகளுக்குக் கீழே வைத்துக் கதவை மூடினார்.

"பதினேழு வருஷம்," என்றார் எல்லாரையும் பார்த்து. "நான் பச்சை ஒட்டினது ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்ல."

பிறகு அடுப்படிக்குப் போய்க் களிக் குண்டானை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார். தோற்ற தளபதியை ஊர் எல்லைவரை கொண்டுபோய் விடுகிற மரியாதையோடு அதைப் பிடித்திருந்தார்.

"ஜோதி, இதக் கீழ பாப்பம்மாக்காகிட்டக் குடுத்திரு. இனி நமக்குத் தேவையில்ல."

வாசலோரம் நின்ற ஆஞ்சப்பன் லேசாகச் செருமினார். அவருடைய கண் ட்ரேயில் இல்லை, குண்டானில் இருந்தது.

"அம்மா, வேணாம்னா அத எனக்குக் குடுத்துடறீங்களா? காலைல இருந்து ஒண்ணும் துன்னல. இன்னிக்கு மத்தியானச் சோறும் இல்லாமப் போச்சு."

"அடப் பாவமே," என்றாள் ஜோதிமணி, குண்டானை வாங்கி அவரிடம் நீட்டியபடி. "வீட்டுல ஒண்ணும் குடுத்து அனுப்பலையாண்ணே?"

"குடுத்தாங்கம்மா," என்றார் ஆஞ்சப்பன். "சார் கொண்ணாந்த பூக்கோசு அடுப்புலயே தண்ணியா ஓடிப்போச்சு, மைதா பட்டா செத்துருவன்னு வேற சொன்னாரு, பயந்துகினு நான் ட்ரேயில தட்டிப் போட்டதே எங்கூட்ல மத்தியானத்துக்குக் கட்டிக் குடுத்த களிதாம்மா."